அந்தச் சத்தம் என்னுடையது

போனில் பேசினால் எதையும் நான் பாதியிலேயே "சரிப்பா, வைக்கட்டா" என்று முடித்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன், தம்பி. போன வாரம் நீ பெங்களூரிலிருந்து பேசியபோது இரண்டு விஷயம் சொன்னாய். தை மாதம் உன் கல்யாண வரவேற்பில் எங்கள் பாட்டுக் குழு வாசிக்க வேண்டும், நான் மேடையில் நின்று பேஸ் கிட்டார் வாசிக்க வேண்டும் என்றாய். அப்புறம், பத்திரிகை வைக்க எல்லா வீட்டுக்கும் எங்களோடு வருகிறேன், எதிர்வீட்டு முத்துலட்சுமி வீட்டுக்கு மட்டும் வரமாட்டேன் என்றாய். "அந்த அக்கா மூஞ்சியில நான் எப்படிம்மா முழிக்க? நீயும் அப்பாவும் போயிட்டு வந்துருங்க." கோபமாகச் சொல்லவில்லை. அங்கே மழையா என்று கேட்கிற குரலில் சொன்னாய். நான் "சரிப்பா" என்றேன். வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் இறங்கியது. சாப்பிட்டேன், கல்லூரிக்குப் போனேன், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அமிலமும் காரமும் நடத்தினேன். வீட்டுக்கு வந்து எதிர்வீட்டு வாசலைப் பார்க்கும்போது மட்டும், நீ அந்தக் குரலில் சொல்லப் பழகிக்கொள்ள எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.

இந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதியை ஓர் இதழுக்கும் அனுப்புகிறேன். உன் அம்மா தன்னைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை. ஆனால் அன்றைக்குப் பொய்யை நான் தெருவுக்கே போய்ச் சேரும்படி சொன்னேன். உண்மையை உன் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போவது கணக்குக்குச் சரியாக வராது. உன் பெயரை எங்கேயும் எழுதவில்லை. என் பெயரும் வேண்டாம். நம் தெருவுக்குத் தெரிந்துவிடும்; அது போதும்.

தீபாவளி முடிந்து கார்த்திகை பிறந்திருக்கிறது. இந்த நாட்களில் நம் ஊர் எப்படி இருக்கும் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கின்றன. விடியற்காலையில் தெருமுனையில் ஆரன் அடிக்கும் கம்பெனி பஸ் இல்லை. ஆண்களும் பெண்களும் வேலை இல்லாத கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். மழை பெய்தும் பெய்யாமலும் இருக்கிறது. கரிசல் காட்டுப் பக்கமிருந்து ஈர மண்ணின் வாசனை வருகிறது. ஊரே ஒரு நீண்ட மத்தியானத் தூக்கத்தில் இருப்பது போலவும், அதன் கனவில்தான் நாமெல்லாம் நடமாடுவது போலவும் எனக்குத் தோன்றும். இந்த ஊரில் சத்தம் செய்வதுதான் தொழில். அந்தத் தொழில் ஓயும்போது காதுக்குள் ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும் மிச்சமிருக்கும். அந்த ரீங்காரத்தோடு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மேடையில் வாசிக்கச் சொல்கிறாயே, நான் எப்படிப்பட்ட வாசிப்புக்காரி என்பதை முதலில் தெரிந்துகொள். மதுரையில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தபோது துறை விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில், பேஸ் வாசிக்க வேண்டிய பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. "நாலு தந்திதானடி. நீ கணக்கு நல்லாப் போடுவ, உனக்கு இது வரும்" என்று விடுதித் தோழி ஒருத்தி அதை என் கழுத்தில் மாட்டிவிட்டாள். மூன்று பாட்டு, மொத்தம் ஏழெட்டு சுரம். விழா அன்று மேடையின் பின்வரிசையில் நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் நான் தொட்ட தந்தியின் அதிர்வு மேடைப் பலகை வழியாக இறங்கி, முன்வரிசையில் இருந்த நாற்காலிகளின் கால்கள் வழியாக ஏறுவதை உணர்ந்தேன். யாரும் பார்க்காமல் எல்லோரையும் தொட முடிகிற ஒரு பொருள். கூச்ச சுபாவக்காரிக்கு அதைவிட என்ன வேண்டும்? பிறகு பரீட்சை, வேலை, கல்யாணம், நீ. பதினைந்து வருடம் அதை நினைத்ததுகூட இல்லை. முப்பத்தேழு வயதில், சாத்தூரில் கலைந்துபோன ஒரு கச்சேரிக் குழுவினர் பொருள்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், ஒரு பேஸ் கிட்டாரும் அதன் சத்தத்தைக் கூட்டித் தரும் ஒரு பழைய ஆம்பும் வாங்கி வந்தேன். தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. கிட்டார் போர்வை சுற்றி வந்தது. ஆம்ப் அட்டைப் பெட்டிக்குள் வந்தது. மிக்சி என்று நினைத்திருப்பார்கள்.

பேஸ் வாசிப்பது பணிவைக் கற்றுத்தரும், பொறுமையைக் கற்றுத்தரும் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்கு அது தோள்வலியைத்தான் கற்றுத்தந்தது. ஆகவே, நீ ஒன்று வாங்கினால் தோளில் மாட்ட அகலமான பட்டையாக வாங்கு. மெல்லிய பட்டை கழுத்தை அறுக்கும். உனக்கும் ஆசை வந்து முன்பொரு தடவை என்னிடம் கேட்டாய் என்பதால் சொல்கிறேன். விலை கூடிய கிட்டார் வாங்கினால் வாசிப்பு கூடிவிடாது. கேபிளை முழங்கையில் சுற்றி மடக்காதே. உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். அது எந்த வளையத்தில் சுருள விரும்புகிறதோ அந்த வளையத்திலேயே சுருட்டி வை. (இதை நான் வாழ்க்கைக்கு உவமையாகச் சொல்லவில்லை. கேபிளைப் பற்றித்தான் சொல்கிறேன்.) தப்பான சுரம் விழுந்துவிட்டால் உன் கையைப் பார்க்காதே, நீ பார்த்தால்தான் மற்றவர்களும் பார்ப்பார்கள். டிரம்ஸ்காரரின் கையைப் பார்த்து வாசிக்காதே, வலது காலைப் பார். கை ஆயிரம் வித்தை காட்டும். கால்தான் உன்னோடு பேசும். கச்சேரிக்கு முன்னால் சாப்பிட்டுவிடு. முடிந்த பிறகு போனால் ரசம் மட்டும்தான் இருக்கும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று உண்டு. கிட்டாரைக் கீழே வைக்கும் முன் ஆம்பின் வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடு. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே. நான் மறந்தேன்.

அன்றைக்குச் சித்திரை வெயில். நீ பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்து லீவில் இருந்தாய். எனக்கும் கல்லூரி விடுமுறை. நீ கீழே தூங்கினாய். நான் மாடியில், தகரக் கூரை போட்ட அறையில் வாசித்துக்கொண்டிருந்தேன். மெதுவாக, எப்போதும் போல வீட்டைத் தாண்டாத அளவில். வோல்டேஜ் குறைந்தது. சத்தம் மெலிந்தது. குமிழைக் கொஞ்சம் திருகினேன். இன்னும் மெலிந்தது. கடைசிவரைக்கும் திருகினேன். கரண்டே போய்விட்டது என்பது ஃபேன் நின்ற பிறகுதான் புரிந்தது. கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, அதன் பக்கத்திலேயே படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கனவில் வெம்பக்கோட்டை அணை நிறைந்து கிடந்தது. கரையில் நான் வெறுங்காலோடு நடந்து போகிறேன். தண்ணீர் அசையவே இல்லை, கண்ணாடி மாதிரி. எங்கோ ஒரு ஃபேன் சுற்றுகிறது, காற்று வருகிறது. புரண்டு படுக்கிறேன். காலில் ஏதோ கொடி சிக்குகிறது, அதை உதறுகிறேன். அந்தத் தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் எழும்பி விழுந்தது.

கரண்டு வந்திருந்தது. என் கால் கேபிளை இழுத்ததில், தந்திகள் தரையில் அறைய, கிட்டார் குப்புற விழுந்திருந்தது. ஆம்ப் முழு வால்யூமில் இருந்தது. இதெல்லாம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தது. அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கூரை அதிர்ந்தது, ஜன்னல் அதிர்ந்தது, கீழே பக்கத்துக் கடையின் ஷட்டர் அதிர்ந்தது; பின்னாலேயே ஓர் உறுமல் நீண்டுகொண்டே போனது. வேறு ஊரில் என்றால் என்ன விழுந்தது என்று அறைக்குள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். நான் வெளியே ஓடினேன். மொட்டை மாடிக்கு ஓடி, மேற்கே புகை தெரிகிறதா என்று பார்த்தேன். உன் அப்பா வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கம்பெனியில் போர்மேன். வேறு எதுவும் மனதில் வரவில்லை. கீழே தெரு முழுவதும் பெண்கள் வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கிட்டு? விஸ்வநத்தம் பக்கமா?"

"புகையக் காணுமேக்கா!"

"போனு அடிக்குது, எடுக்க மாட்டேங்காக!"

போனை யார் எடுப்பார்கள்? கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லாருடைய போனும் கேட் பக்கத்து வாட்ச்மேன் அறையில், ஒரு மரப்பெட்டிக்குள் கிடக்கும். மற்ற நாட்களில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த நிமிடத்தில் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. மணி அடித்துக்கொண்டே இருப்பதுதான் கேட்டது. "வெம்பக்கோட்டைப் பக்கம் பாருங்க, எதாச்சும் தெரியுதா?" என்று மாடியிலிருந்து கத்தியவள் நான்தான். என் முதுகுக்குப் பின்னால் என் அறை உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள் முத்துலட்சுமி ஓட ஆரம்பித்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் கணேசனும் அவள் தங்கையும் விஸ்வநத்தத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவளும் அங்கேதான், அன்று காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தாள். செருப்பில்லாமல், மெயின் ரோட்டைப் பார்த்து, போனைக் காதில் வைத்தபடியே ஓடினாள்.

உறுமல் சட்டென்று நின்றது. திரும்பினேன். நீ ஆம்பின் சுவிட்ச் மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தாய். தூக்கக் கலக்கம் போகாத முகம். "அம்மா, நம்ம ஆம்ப்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். மாடிப்படியில் ஆட்கள் ஏறும் சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே கிடந்த கிட்டாரைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அது நீ பார்த்தது. வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். "டீச்சர், சத்தம் இங்கன இருந்துல்ல வந்துச்சு?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நான் உன்னைப் பார்க்காமல் சொன்னேன். "பையன் பாட்டுப் பெட்டிய சத்தமா வச்சிட்டான். தெரியாமச் செஞ்சிட்டான்."

இதை எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பயம் என்று சொல்லலாம். தெருவில் நான் டீச்சர். ஒரு பையன் செய்தால் சேட்டை என்று விட்டுவிடுவார்கள். முப்பத்தெட்டு வயதுப் பொம்பளை கிட்டார் வாசித்து ஊரை ஓடவிட்டாள் என்றால் சாகும்வரை சொல்லிச் சிரிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். இரண்டு திட்டு வாங்குவாய், சாயங்காலம் நான் உனக்கு ஏதாவது வாங்கித் தருவேன், முடிந்துவிடும். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அதில் கோபம் இல்லை. கணக்கில் நீ போட்ட விடையும் புத்தகத்தின் விடையும் ஒத்துவராதபோது ஒரு பார்வை பார்ப்பாயே, அதுதான். பிறகு தலையைக் குனிந்துகொண்டாய். உன் வாயிலிருந்து மறுப்பு வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீ அந்தச் சந்தர்ப்பத்தை எனக்குத் தரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது: முத்துலட்சுமி மெயின் ரோட்டுப் பாலத்துப் பக்கம் தடுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு சின்னப் பொய் பெரிதாகிவிட்டது, இனி எப்படித் திரும்ப எடுப்பது என்று உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். காது மடலிலும் புருவத்திலும் அலுமினியப் பொடி மின்னியது. தெருமுனையிலேயே சொல்லிவிட்டார்கள். வாசலில் வைத்து, கணேசன் அண்ணன் பார்க்க, உன்னை அறைந்தார். "ஏலே, மனுச உசுரு உனக்கு வெளையாட்டாலே? எத்தன பேரு நெஞ்சப் புடிச்சிட்டு நின்னாகன்னு தெரியுமாலே?" உன்னை முன்பும் அடித்ததில்லை, அதற்குப் பிறகும் அடித்ததில்லை. நீ அழவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

முத்துலட்சுமியின் கை கோணலாகவே கூடியது. வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவதில் அவள் கைதான் அந்தக் கம்பெனியிலேயே வேகம் என்பார்கள். அந்த வேகம் போய்விட்டது. இப்போது இட்லி மாவு அரைத்து விற்கிறாள். நம் வீட்டுக்கும் அங்கிருந்துதான் மாவு வருகிறது. ஒவ்வொரு தடவையும் தூக்குச்சட்டியை இடது கையால் நீட்டுவாள். உனக்குத் தெருவில் "டமார்" என்று பெயர் வைத்தார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு விடுதியில் சேர்த்துவிடச் சொன்னாய். படிப்புக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்குக் காரணம் தெரியும். அது உனக்கும் தெரியும்.

நீ போன பிறகு நான் வீட்டு ஆம்பைத் தொடவில்லை. கிட்டாரின் தலைப்பகுதியை மர அலமாரியோடு ஒட்டி வைத்து வாசிப்பேன். அலமாரி முழுவதும் மெதுவாகப் பாடும். உள்ளே தொங்குகிற சேலைகளுக்கு மட்டும் கேட்கும். சில நேரம் தாடையைக் கிட்டாரின் உடம்பில் வைத்துக்கொள்வேன். சத்தம் காது வழியாக வராது, எலும்பு வழியாக வரும். தண்ணீருக்கு அடியில் யாரோ பேசுவது போல இருக்கும். பிற்பாடு விருதுநகரில் இந்தக் குழு கிடைத்தது. கீபோர்டுக்கு ஒரு பேங்க்காரர், டிரம்ஸுக்கு ஜெராக்ஸ் கடைக்காரர், பாடுவதற்கு அவர் மனைவி, பேஸுக்கு நான். ஞாயிற்றுக்கிழமை பைண்டிங் குடோனில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே வாசிக்கிறோம். கூரைவரை அடுக்கிய காகிதம் சத்தத்தைக் குடித்துவிடும். பத்தடி தாண்டி ரோட்டில் போகிறவனுக்குக் கேட்காது. எட்டு வருடமாக நான் வாசித்ததை எல்லாம் அந்தக் காகிதம் குடித்திருக்கிறது. அதில் அச்சடித்த காலண்டர்கள் எந்தெந்த ஊர்ச் சுவர்களில் தொங்குகின்றனவோ என்று சில ராகங்களின் நடுவே நினைத்துக்கொள்வேன்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அம்மா என்று ஏதாவது சொல்லவேண்டும். நான் அதிகம் சொல்ல மாட்டேன். அறிவுரை சொல்கிறவர்களை நானே நம்புவதில்லை. ஆம்பில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். தந்தியில் விரல் வைத்ததும் அது அடங்கிவிடும். அதற்கான விஞ்ஞானக் காரணம் எனக்குத் தெரியும். உடம்புக்கும் தந்திக்கும் தரைக்கும் இடையிலான மின்சார விஷயம். அப்பாவின் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் ஒரு செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அதுவும் அதே மின்சார விஷயம்தான், உடம்பில் ஏறியிருப்பதைத் தரைக்கு இறக்கிவிட. முப்பது வருடமாக அப்பா அதைத் தொடாமல் உள்ளே போனதில்லை. ஆனால் வீட்டுக்குள் வரும்போது நாங்கள் இருவருமே எதையும் தொட்டுக்கொண்டு வரவில்லை. வேலையின் கோபத்தை அப்படியே கொண்டுவந்தோம், பேசாமலே உட்கார்ந்தோம். நீயும் வரப்போகிற மருமகளும் வேறு மாதிரி இருங்கள். அவளிடம் ஒரு தப்பைச் செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் சொல்லலாம் என்று வைத்தால் அது ஒரு வாரம் ஆகும், அப்புறம் சொல்வதற்குச் சொல்லே கிடைக்காது. இதில் எனக்குப் பதினோரு வருட அனுபவம் இருக்கிறது. இது மட்டும் கேபிளைப் பற்றியது இல்லை.

நீ பேசிய அந்த வாரம், ஒரு காலையில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கம்பெனி பூட்டியிருப்பதால் வீட்டில்தான் இருந்தார், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரை மடித்தார். மறுபடியும் விரித்தார். "பதினோரு வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு உனக்குத் தோணல" என்றார். பேப்பரை மடியில் போட்டுவிட்டு, "அவன் ஏன் சொல்லல?" என்றார். "அதைத்தான் நானும் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய், உன்னை அறைந்த இடத்திலேயே, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றார். மத்தியானம்வரை உள்ளே வரவில்லை. வந்ததும், "முதல்ல எதிர்வீட்டுக்குப் போ. நானும் வாரேன்" என்றார். "நான் மட்டும் போறேன்" என்றேன்.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு போனேன். முத்துலட்சுமி கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர், வாங்க. என்ன, மாப்பிள்ளை அம்மா ஒத்தையில வந்திருக்கீக? சாரு எங்க?" என்றாள். கணேசன் அண்ணன் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே சொன்னேன். "அன்னைக்குப் பையன் இல்ல முத்துலட்சுமி. நான்தான். நான் வாசிக்கிற கிட்டார்தான் விழுந்துச்சு. பழிய அவன் மேல போட்டது நான்." வகுப்பில் பாடம் சொல்கிற குரலில்தான் வந்தது. எனக்கு வேறு குரல் இல்லை.

அவள் கழுவுவதை நிறுத்தவில்லை. மாவு போகும்வரை கழுவினாள். பிறகு முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என் கைய விடுங்க டீச்சர். கை ஒடஞ்சது ஒடஞ்சதுதான். அந்தப் பயல நான் எம்புட்டு வஞ்சிருக்கேன் தெரியுமா? சைக்கிள்ல டியூசன் போறவன நிப்பாட்டி வச்சு, 'நல்லாருப்பியாலே'ன்னு கேட்டிருக்கேன். எம் புள்ளைகள அவங்கூடப் பேசக்கூடாதுன்னு வச்சிருந்தேன். ஒரு வார்த்த எதுத்துப் பேசல அவன். தலையக் குனிஞ்சிக்கிட்டே போவான். திமிருன்னு நெனச்சேன். பதினஞ்சு வயசுப் புள்ள, டீச்சர். அத எங்கன போயி எறக்கி வைக்க நான்?"

"நடந்தது நடந்துபோச்சு, விடு" என்றார் கணேசன் அண்ணன்.

"நீங்க சும்மா இருங்க. நீங்கதான அவுக அப்பாட்ட, இன்னொரு அடி போடுங்கன்னு சொன்னீக!"

அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டார். மன்னித்துக்கொள் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது; அதற்கு அவளிடம் பதில் கேட்பது போலாகிவிடுமோ என்று விழுங்கினேன். தப்போ சரியோ தெரியவில்லை. கிளம்பலாம் என்று திரும்பியபோது, "அந்தப் பொட்டி இன்னும் இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். "போட்டுக் காட்டுங்க. என் கைய ஒடச்சது என்ன சத்தம்னு நான் கேக்கணும்ல?"

தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு ஆம்பைத் துடைத்து மாடி அறையில் வைத்தேன். கேபிளை மாட்டினேன். அதற்குள் முத்துலட்சுமி மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தெருவைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "ஏய், எல்லாரும் கேட்டுக்கங்க! டீச்சர் வீட்டுல இருந்து சத்தம் வரும். டீச்சர் கிட்டாரு வாசிக்காக. கம்பெனியெல்லாம் பூட்டிக் கெடக்கு, எவளும் செருப்பில்லாம ஓடாதீக!" யாரோ சிரித்தார்கள். யாரோ, "டீச்சரா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. தெருவில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் முகத்தை மேலே தூக்கினார்கள்.

மேலே இருக்கும் தடித்த தந்தியை, மெதுவாகத் தொட்டேன். அந்தக் கார்த்திகை மத்தியானத்தில் அது தகரக் கூரையைத் தடவிக்கொண்டு, ஈரக் காற்றோடு கலந்து, ரொம்ப தூரம் போனது. முத்துலட்சுமி தரையில் உட்கார்ந்து, கோணலாகக் கூடிய வலது கையைத் தரையில் பதித்து வைத்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். நான் ஒரு பாட்டுக்கான சுரங்களை வாசித்தேன். முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. "கைக்குள்ள ஏறுது டீச்சர்" என்றாள். பிறகு கண்ணைத் திறந்து, "ஆனா இது என்ன பாட்டு? ஒத்தச் சத்தமால்ல இருக்கு! இதுக்கா ஊர ஓட விட்டீக?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. எழுந்து படியிறங்கிப் போகும்போது தாம்பாளத்தை என் கையிலேயே கொடுத்தாள். பத்திரிகை அதில் அப்படியே இருந்தது.

"நீங்க வச்சா நான் வாங்க மாட்டேன். அவன் வந்து வைக்கட்டும். ஒத்தையில வரச் சொல்லுங்க. நான் அவங்கிட்டப் பேச வேண்டியது இருக்கு. அதுல நீங்க நிக்கக் கூடாது."

இதுதான் நடந்தது. வருகிற சனிக்கிழமை நீ வருகிறாய். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியாது, மழையைப் பற்றி ஏதாவது கேட்பார். அவருக்குப் பதில் சொல். வரவேற்பில் நான் வாசிக்கிறேன். இனி எதை மறைக்கப் பின்வரிசையில் நிற்பது? என் மேல் கோபம் வந்தால் காட்டு. பதினோரு வருடம் காட்டாமல் இருந்தது போதும். அதை வாங்கிக்கொள்ள நான் வீட்டில்தான் இருப்பேன். முத்துலட்சுமி வீட்டுக்கான பத்திரிகையின் உறையில் நான் பெயர் எழுதவில்லை. உன் கையெழுத்துக்காக வைத்திருக்கிறேன். நீ அந்த வாசலுக்குப் போவாயா என்று எனக்குத் தெரியாது. போ என்று சொல்லும் உரிமையை நான் எப்போதோ இழந்துவிட்டேன். போகாமல் இருக்க உனக்கு வேறு எந்தக் காரணம் இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அந்தச் சத்தத்தை மட்டும் காரணமாகச் சொல்லாதே. அது உன்னுடையது இல்லை.